நான் நிறுத்திய குளிசை

கண்டி டவுனில் நான் வேலை செய்யும் சைவக் கடையின் குசினியில் யாரும் சட்டை போடுவதில்லை. முன்பக்கத்தில் மேசை, கதிரை, மின்விசிறி எல்லாம் உண்டு. பின்பக்கத்தில் இரண்டு தோசைக்கல், வடைச் சட்டி, சாம்பார் அண்டா எல்லாம் ஒன்றாகக் கொதிக்கும். ஜன்னல் ஒன்றுதான். அதைத் திறந்தால் பக்கத்துக் கடையின் சுவர். கண்டி குளிரான ஊர் என்று சொல்கிறவர்கள் எங்கள் குசினிக்குள் வந்து பார்க்க வேண்டும். சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் ஒரு துவாயைப் போட்டு, வெறும் உடம்போடு நிற்பதுதான் அங்கே வழக்கம். முதலாளி உள்ளே வந்தால்கூடச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்.

அந்தக் குசினியில் நான் ஒருவன் மட்டும் சட்டை போட ஆரம்பித்தேன். ஏன் என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொல்லாததால் உயிர் போகப் பார்த்தது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு குறைவு. பள்ளிக்கூடத்தில் இடாப்பு கூப்பிடும்போது என் பெயர் வந்தால் கையைத்தான் தூக்குவேன். ஓ லெவலோடு படிப்பை நிறுத்திவிட்டு ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வந்து இந்தக் கடையில் சேர்ந்தேன். தோசைக்கல்லோடு பேசத் தேவையில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. மனைவி தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். நான் கடையின் மேல்மாடி அறையில் மற்றவர்களோடு படுத்துக்கொள்வேன். லீவு கிடைக்கும்போது வீட்டுக்குப் போவேன்.

எனக்கு மாரடைப்பு வந்து நெஞ்சு அடைத்தது தோசைக்கல்லுக்கு முன்னால்தான். ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பாற்றி அனுப்பினார்கள். ஆனால் இதயம் இரத்தத்தை அடித்து அனுப்பும் பலம் குறைந்துவிட்டது, இனி ஆயுள் முழுக்க மருந்து குடிக்க வேண்டும் என்றார்கள். மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். முதலாளி நல்ல மனிதர்; தோசைக்கல்லிலிருந்து எடுத்து, சட்னி தாளிக்கிற, மரக்கறி வெட்டுகிற இடத்தில் என்னை விட்டார்.

கிளினிக்கில் தருகிற குளிசைகளின் பெயர் வரிசையில் நிற்கும் எங்களில் யாருக்கும் தெரியாது. சின்னச் சின்னக் கடதாசி உறைகளில் போட்டுத் தருவார்கள். காலையில் எத்தனை, இரவில் எத்தனை என்று உறையின் மேல் கோடு போட்டிருக்கும். நாங்கள் நிறத்தையும் பருமனையும் வைத்துத்தான் அடையாளம் சொல்வோம். எனக்குப் பிங்க் ஒன்று குறைஞ்சிருக்கு, உங்களுக்குப் பெரிய வெள்ளை குடுத்தாங்களா, இப்படித்தான் பேச்சு போகும். நான் காலைக் குளிசைகள் எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பேன். அதன் பிறகு அடிக்கடி மூத்திரத்துக்கு ஓட வேண்டிவரும். எந்தக் குளிசை அப்படி ஓட வைக்கிறது என்று நான் கேட்டதும் இல்லை, அவர்கள் சொல்லியிருந்தால் நான் காதில் வாங்கியதும் இல்லை. டொக்டர்மார் சிங்களத்தில் வேகமாகச் சொல்வார்கள். நான் தலையாட்டுவேன். எனக்குத் தெரிந்தது கடைச் சிங்களம். விலை சொல்லவும், சாம்பார் இன்னும் வேண்டுமா என்று கேட்கவும் போதும்.

ஒரு மாதம் குளிசைகளில் மாற்றம் தெரிந்தது. வழக்கமான வெள்ளைகளில் ஒன்றைக் காணவில்லை. அதற்குப் பதில் மஞ்சளாக ஒன்று இருந்தது. அந்த வெள்ளையை நிறுத்திவிட்டுப் புது மருந்து ஏதோ எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அதே சமயம்தான் வலியும் வந்தது. தோளில் கிடந்த துவாய் நழுவி மார்பில் உரசியபோது சுருக்கென்றது. கொதிக்கிற எண்ணெய் தெறித்திருக்கும் என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. குளிக்கும்போது தொட்டுப் பார்த்தால் வலது காம்புக்குக் கீழே புளியங்கொட்டை மாதிரி ஒன்று உருண்டது. கொஞ்ச நாளில் இடது பக்கத்திலும் அப்படியே. பிறகு கொட்டை தெரியவில்லை, அந்த இடம் முழுக்கவே வீங்கத் தொடங்கியது. கொழுப்பு வைத்த உடம்பு இல்லை என்னுடையது. விலா எலும்பு தெரிகிற உடம்பில் அது மட்டும் தனியாகத் தெரிந்தது. பக்கவாட்டில் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே பார்க்கக் கூசியது. பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைக்கு வருவதுபோல இருந்தது. நான் தலை நரைத்த ஆண்.

மறுநாள் சட்டை போட்டுக்கொண்டு குசினிக்குள் போனேன்.

வடை மாஸ்டர் நாவலப்பிட்டிக்காரர், என்னைவிட மூத்தவர். கை வேலை செய்தால் வாயும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் அவருக்கு.

"என்னா தம்பி, பொண்ணு பாக்க கெளம்பிட்டியா? வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டியா?"

"குளிருதுண்ணே" என்றேன்.

"குளிருதா?" எண்ணெய்ச் சட்டியைக் காட்டினார். "இந்தா, இதுக்குள்ள எறங்கி நில்லு. நல்லா சூடேறும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சட்டை தினமும் தொடர்ந்ததால் சிரிப்பும் தொடர்ந்தது. ஆபீசர் வந்துட்டாரு, கதிரை போடுங்க என்பார்கள். உடம்பில் பச்சை குத்தியிருக்கிறான், யார் பேரோ தெரியவில்லை என்பார்கள். வியர்வையில் சட்டை ஒட்டினால் இன்னும் நன்றாகத் தெரியும் என்பதால் உள்ளே ஒரு பெனியனும் போட்டேன். அதற்குமேல் துவாயை முன்பக்கமாகத் தொங்கவிட்டேன். மற்றவர்கள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துத் தொட்டிப் பக்கம் போய்க் குளித்தேன். வலி எப்போதும் இருந்தது. தேங்காய் துருவும்போது கை மார்பில் பட்டால் கண் கலங்கும்.

ஒருநாள் மாஸ்டர் விளையாட்டாகப் பின்னால் வந்து சட்டையைப் பிடித்துத் தூக்கினார். என்ன எழுதியிருக்குன்னு பாப்போம் என்றார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கையில் தாளிக்கிற கரண்டி இருந்தது, அதை ஓங்கியிருந்தேன். குசினி அப்படியே நின்றது. அந்தக் கடையில் என் குரலை அவ்வளவு உயரத்தில் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

மாஸ்டர் இரண்டு அடி பின்னால் போனார். "சரிப்பா. தொடல" என்றார். அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. யாரும் கேலி செய்யவில்லை. கேலி இருந்தபோதே பரவாயில்லை என்று தோன்றியது.

வீட்டிலும் இதே கதைதான். சட்டையோடு படுத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மனைவி தோளில் கைபோட்டால் அந்தக் கை முன்னால் வந்துவிடுமோ என்று விலகினேன். அவள் இரண்டு மூன்று தடவை பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் காலையில் தேத்தண்ணியை வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"யாரு அவ?"

"எவ?"

"டவுன்ல இருக்கிறவ. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. சட்டைய கழட்டினா என்னா தெரிஞ்சிடும்னு பயப்படுறீங்க?"

நான் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்போதாவது சட்டையைக் கழற்றிக் காட்டியிருக்கலாம். பொம்பளை விஷயம் என்று அவள் நினைப்பது, நானே பொம்பளையாக மாறிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிவதைவிடப் பரவாயில்லை என்று இருந்தேன். அவ்வளவு தூரம் புத்தி மழுங்கிப்போயிருந்தது.

கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் போனை எடுத்து, ஆண்களுக்கு மார்பில் கட்டி என்று தமிழில் தட்டினேன். ஒரு வீடியோ வந்தது. தொட்டதுதான் தாமதம், ஒரு பெண் குரல் பஸ் முழுக்கக் கேட்கும்படி ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும் என்று சொல்லத் தொடங்கியது. போனை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் சாரத்துக்குள் வைத்து அமுக்கினேன். குரல் அங்கிருந்தும் பேசியது. முன் சீட்டிலிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாதி வழியில், தலாத்துஓயாவில் இறங்கிவிட்டேன். அடுத்த பஸ் வரும்வரை ரோட்டோரம் நின்றேன். புற்றுநோய் என்ற சொல் மட்டும் மண்டைக்குள் நின்றது. ஏற்கெனவே இதயம் பாதி போனவன். இனி இதுவும் என்றால் யாருக்கு என்ன சொல்வது?

அடுத்த கிளினிக்கில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் போனேன். வழக்கமாக டொக்டர் 'அமாருவக் தியெனவாத' என்று கேட்பார், கஷ்டம் ஏதும் இருக்கிறதா என்று. நான் 'நே' என்பேன், இல்லை. பின்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தால் யாருக்கும் இல்லை என்றுதான் வரும். அன்று இருந்தவர் எனக்கு மகளாகக்கூடிய வயதுப் பெண் டொக்டர். அவர் கேட்டதும் வாயைத் திறந்தேன். அந்த இடத்துக்குச் சிங்களத்தில் எனக்குத் தெரிந்த ஒரே சொல், பஸ் ஸ்டாண்டில் பொறுக்கிகள் பெண்களைப் பார்த்துச் சொல்கிற சொல். அதை அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? நெஞ்சைத் தொட்டுக் காட்டி, 'ரிதெனவா' என்றேன். வலிக்கிறது.

இதய நோயாளி நெஞ்சைத் தொட்டு வலிக்கிறது என்றால் டொக்டர் என்ன செய்வார்? உடனே எழுந்தார். எத்தனை நாளாக, கைக்குப் பரவுகிறதா, வியர்க்கிறதா என்று கேட்டுக்கொண்டே துண்டு எழுதி, இப்போதே ஈசீஜீ எடுங்கள் என்று அனுப்பினார். ஈசீஜீ அறை வாசலில் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நாலைந்து ஆண்கள் நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வெள்ளை உடுப்பில் இரண்டு பெண் பிள்ளைகள் வேலை பழகிக்கொண்டிருந்தார்கள். சட்டையைக் கழற்றுங்க என்று ஒருவர் என்னைப் பார்த்துச் சைகை காட்டினார். பாத்ரூம் என்று சைகை காட்டிவிட்டு நடந்தேன். மருந்துக் கவுண்டரில் குளிசையை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.

அன்று அறையில் உறைகளையெல்லாம் பாயில் பரப்பிவைத்து யோசித்தேன். யாரிடமும் கேட்க முடியாதென்றால் நானேதான் கண்டுபிடிக்க வேண்டும். மஞ்சள் குளிசை வந்தது, மார்பு வீங்கியது. முன்பு மஞ்சளும் இல்லை, வீக்கமும் இல்லை. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? மஞ்சள் உறையைக் கொண்டுபோய்ப் பின்பக்கச் சாக்கடைக் கானில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். மற்றக் குளிசைகளை ஒன்றுகூடத் தவறாமல் குடித்தேன்.

முதலில் நல்லதாகத்தான் தெரிந்தது. மூத்திரத்துக்கு ஓடுகிற தொல்லை நின்றது. வேலைக்கு நடுவில் ஓட வேண்டியதில்லை. நச்சு இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டேன். மார்பை மட்டும் தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அது இறங்கவில்லை. கொஞ்சம் பொறு என்று எனக்கு நானே சொன்னேன். செருப்பு இறுகியது. நாள் முழுக்க நிற்பதால் என்று நினைத்தேன். படியேறி அறைக்குப் போக நடுவில் ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது. கணுக்காலை விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபடி மார்பைத்தான் தொட்டேன்.

தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வலம் தொடங்கிவிட்டது. அந்த நாட்களில் எங்கள் கடையில் காலை எது, பகல் எது என்று தெரியாது. வெளியூர்ச் சனம் வந்துகொண்டே இருக்கும். ஒரு மத்தியானம் வெங்காயம் எடுக்க ஸ்டோர் அறைக்குள் போனேன். மூச்சு வாங்கியது. அரிசி மூட்டையில் சாய்ந்தேன். சாய்ந்ததும் யாரோ முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கியதுபோல இருந்தது. எழுந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தும் மூச்சு வரவில்லை. இழுக்கிறேன், உள்ளே போவதற்கு இடமில்லை. நெஞ்சுக்குள் கொரகொரவென்று தண்ணீர் கொதிக்கிற சத்தம். கூப்பிடக் குரல் எழவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்பும் பாத்திரச் சத்தமும் கேட்டது. அந்த அளவு தனிமையை நான் அனுபவித்ததே இல்லை.

கதவைத் திறந்தது வடை மாஸ்டர். வெங்காயம் எங்கடா என்று திட்டிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் ஓடிவந்து தூக்கினார். த்ரீவீலரில் என்னைத் தன் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். ரோட்டில் கூட்டம். வண்டி நகரவில்லை. காற்றுப் படட்டும் என்று என் சட்டைப் பொத்தானைக் கழற்றப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"உசுரு போகுது, இப்பவும் சட்டைய புடிச்சிட்டு இருக்கியேடா பாவி! விடுடா கைய!"

விடவில்லை. அவர் டிரைவரைப் பார்த்துக் கத்தினார், கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார், பிறகு அழுதார். அவர் அழுததை நான் கேட்டேன். அப்போதும் கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒரு நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்துச் சட்டையையும் பெனியனையும் கீழிருந்து மேலாக ஒரே வெட்டாக வெட்டினார். மூக்கில் ஒக்சிஜன், கையில் ஊசி, மார்பில் வயர்கள். எத்தனை பேர் சுற்றி நின்றார்களோ தெரியாது. திரைச்சீலை ஓரத்தில் மாஸ்டர் நின்றது மட்டும் தெரிந்தது. அவர் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் கிட்டே வந்து, தன் தோளிலிருந்த எண்ணெய்த் துவாயை எடுத்து வயர்களுக்கு மேலே மெதுவாகப் போர்த்தினார்.

"இதுக்குத்தானா?" என்றார்.

மறுநாள் மனைவி வந்தாள். கடையில் போய் என் குளிசைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். மாஸ்டர் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்பது அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ண தெறங்க" என்றாள். "இவ்ளோ நாளா நான் டவுன்ல ஒருத்திய தேடிக்கிட்டு இருந்தேன். மார் எனக்குந்தான் இருக்கு. நான் என்ன, வெட்கப்பட்டு சாகவா போயிட்டேன்?"

பக்கத்துக் கட்டில்காரருக்குத் தமிழ் தெரியாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே, மஞ்சள் குளிசையைக் கொட்டிய கதையையும் மெதுவாக அவளிடம் சொன்னேன்.

நோயாளிகளைப் பார்க்க வாட்டைச் சுற்றி வரும் நேரத்தில் பெரிய டொக்டர் ஐயாவோடு மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் ஆறேழு பேர் வந்தார்கள். அவர்களில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். டொக்டர் சிங்களத்தில் கேட்பதை அவள் எனக்குத் தமிழில் கேட்டாள்.

"ஐயா, குளிசை ஏதும் விட்டனீங்களோ?"

"மஞ்ச குளிசைய விட்டேன்மா."

"ஏன் விட்டனீங்கள்?"

மனைவி முந்திக்கொண்டாள். "அதாலதான் மார் வீங்குதுன்னு அவரே கண்டுபிடிச்சிட்டாராம்."

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. டொக்டருக்குச் சொன்னாள். டொக்டர் பெட்டியிலிருந்த குளிசைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படுக்கை விரிப்பில் வைத்தார். கடைசியில் ஒன்றைத் தனியாகத் தள்ளிவைத்துவிட்டு நீண்ட நேரம் பேசினார். அவள் அதைத் தமிழில் சொன்னாள்.

மஞ்சள் புது மருந்து இல்லை. முன்பு வெள்ளையாகத் தந்த அதே மருந்துதான். கம்பனி மாறினால் நிறம் மாறும். உடம்பில் சேருகிற தண்ணீரை மூத்திரமாக வெளியேற்றுவது அதுதான். அதை நிறுத்தியதால் தண்ணீர் முதலில் காலில் தேங்கி, பிறகு நுரையீரலுக்குப் போய்விட்டது. மார்பை வீங்க வைத்தது, தனியாகத் தள்ளிவைத்திருக்கும் இந்தக் குளிசை. ஸ்பைரோனோலாக்டோன் என்று பெயர். நெஞ்சு அடைத்த காலத்திலிருந்தே நான் குடித்து வருவது. மாதக்கணக்கில் குடித்த பிறகுதான் இந்தத் தொல்லை வெளியே தெரியுமாம்.

நான் ஒருநாளும் தவறவிடாமல் விழுங்கிய குளிசை அது. கானில் கொட்டியது என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"பலவீனமான இதயத்துக்கு இது நல்ல மருந்து ஐயா" என்றாள் அவள். "ஆனா சில ஆம்பிளையளுக்கு இப்பிடி வரும். உடம்பில ஓடுற ஆம்பிளைச் சுரப்பை இது வேலை செய்ய விடாது. அதால மார்பு வீங்கும், நோகும். உங்கட பிழை இல்ல. முதலே தெரிஞ்சிருந்தா மருந்தைக் குறைச்சோ மாத்தியோ இருக்கலாம்."

"புத்துநோய் இல்லியாம்மா?"

"அப்பிடி இருக்காது எண்டுதான் டொக்டர் நினைக்கிறார். எண்டாலும் ஸ்கேன் ஒண்டு எடுத்துப் பாப்பம்."

"இறங்கிடுமா?"

அவள் டொக்டரைக் கேட்டுவிட்டுச் சொன்னாள். மருந்தை நிறுத்தினால் மெதுவாக, மாதக்கணக்கில் குறையும். நீண்ட நாள் விட்டுவிட்டதால் முழுக்க இறங்கும் என்று சொல்ல முடியாது.

பிறகு டொக்டர் மற்றப் பிள்ளைகளைப் பார்த்து ஏதோ சொன்னார். அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஐயா, இந்தப் பிள்ளையள் உங்கட மார்பைத் தொட்டுப் பாக்கலாமோ எண்டு டொக்டர் கேக்கிறார். புத்தகத்தில படிக்கிறம், ஆனா ஆம்பிளையள் இதைச் சொல்லுறதில்ல, அதால நாங்கள் கண்டதில்ல. விருப்பம் இல்லையெண்டா வேண்டாம்."

இல்லை என்று சொல்ல எனக்குப் பலம் இருக்கவில்லை. விருப்பம் என்று சொல்லவும் முடியவில்லை. போர்வையைப் பிடித்திருந்த கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவர்கள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவராக வந்து கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத் தொட்டார்கள். ஒருவன் கொஞ்சம் அழுத்தியபோது என்னை அறியாமல் முனகினேன். மன்னிக்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னான். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் காதுக்குள் ஓடியது. மனைவி அதைத் துடைக்காமல், மற்றவர்கள் பார்க்காதபடி நகர்ந்து நின்றாள்.

"நோகுதோ ஐயா?" அந்தப் பிள்ளையின் முறை வந்தபோது கேட்டாள்.

"நோவுதும்மா. ரெண்டு பக்கமும். தண்ணி பட்டாலும் நோவுது. சட்டை ஒரசினாலும் நோவுது." இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாதது அந்தக் கட்டிலில், அத்தனை பேர் நடுவில் கொட்டியது. "ராத்திரி கவுந்து படுக்க முடியல. பொண்டாட்டி பக்கத்துல படுக்க முடியல. செத்துரலாமான்னு இருந்துச்சு."

அவள் இதையெல்லாம் சிங்களத்தில் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது.

டொக்டர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். இந்த மருந்துக்குப் பதிலாக, இந்தத் தொல்லை குறைவான இன்னொன்று உண்டு. இப்போது ஆஸ்பத்திரியில் இல்லை, எப்போது வரும் என்றும் தெரியாது. அதுவரைக்கும் ஒன்று, இதையே பாதி அளவில் குடிக்கலாம். வீக்கம் முழுக்க இறங்காமல் இருக்கலாம். அல்லது அடியோடு நிறுத்தலாம். வீக்கம் இறங்க வழியுண்டு, ஆனால் இந்த இதயத்துக்கு அது நல்லதில்லை, நேற்றுப் போல மறுபடி வரலாம். என்ன சொல்கிறீர்கள்?

நிறுத்துங்க என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. உண்மையைச் சொல்கிறேன். அவ்வளவு நடந்த பிறகும் அதுதான் முதலில் வந்தது. மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "வீங்கினா வீங்கிட்டுப் போவுது" என்றாள் சின்னக் குரலில். "என்னாங்க, எனக்கு நீங்க வேணும்." கலியாணம் முடித்து இத்தனை வருஷத்தில் அவள் அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அந்நியர்கள் முன்னால் சொன்னாள்.

அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் மூச்சுக்கு இடமில்லாமல் கிடந்த அந்த நேரத்தை நினைத்தேன்.

"பாதி குடிக்கிறேன்னு சொல்லும்மா" என்றேன். "அந்த வேற மருந்து எப்ப வருதோ அப்ப மாத்தச் சொல்லும்மா. மஞ்சளையும் குடிக்கிறேன். எல்லாத்தையும் குடிக்கிறேன்."

ஸ்கேனில் கெட்டது எதுவும் இல்லை. வலது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இடது பக்கம் அப்படியேதான் இருக்கிறது, தொட்டால் இன்னும் நோகிறது. மாற்று மருந்து இன்னும் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் கேட்கிறேன். கவுண்டரில் இல்லை என்கிறார்கள். சில காலைகளில் அந்தப் பாதிக் குளிசை உள்ளங்கையில் தனியாகக் கிடக்கும்போது எனக்கு வருகிற வெறுப்பைச் சொல்ல முடியாது. மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டு அதை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பேன். மனைவி வீட்டிலிருந்து போன் எடுப்பாள். "போட்டாச்சா?" என்பாள். அவள் போனை வைக்காமல் காத்திருப்பாள். நான் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்கும்.